கேட்பது

1

ஒரு காரியம் நல்லது என்று சந்தேகமறத் தெரிந்துவிட்ட பிறகு, அதனால் பாதிக்கப்படப் போகிறவர்களை அதுபற்றிக் கேட்க வேண்டுமா? அவர்கள் சரி என்றால், கேளாமலே நடந்திருக்கக்கூடியதுதான் நடக்கிறது. வேண்டாம் என்றால் ஒரு நல்ல காரியம் நின்றுபோகிறது. இரண்டு விதத்திலும், கேட்டதால் வந்த லாபம் என்ன?

இந்தக் கேள்வியை நான் புத்தகத்தில் கண்டெடுக்கவில்லை. என் பெயரில் பட்டா இருந்த நாலு ஏக்கர் புஞ்சையை ஒரு சோலார் கம்பெனிக்கு விற்றதில் அது என்னிடம் வந்து சேர்ந்தது. எனவே விற்ற கதையை முதலில் சொல்லிவிட வேண்டும்.

தென் மாவட்டம் ஒன்றில் வானம் பார்த்த பூமி. ஊர்ப் பெயர் வேண்டாம். கம்பெனியின் பெயரும் வேண்டாம். அப்பா காலத்தில் குதிரைவாலியும் மிளகாயும் விளைந்த நிலம், அவருக்குப் பிறகு சீமைக்கருவேலங் காடாகிவிட்டது. நான் முப்பது வருஷம் நகரத்தில் உத்தியோகம் பார்த்தவன். எனக்கு அந்த நிலம் என்பது மூன்று நான்கு வருஷங்களுக்கு ஒருமுறை கைக்கு வரும் ஒரு சிறு தொகை - வெட்டுக்கு விட்ட பணம். வெட்டி, அங்கேயே மூட்டம் போட்டு, கரியாக்கி, மூட்டை கட்டி லாரியேற்றுகிறவர் எப்போதும் ஒரே ஆள்தான். இருபது வருஷங்களுக்கு மேல் அவரும் அவர் வீட்டாரும் அந்த நாலு ஏக்கரில் உழைத்திருக்கிறார்கள். அதே காலத்தில் நான் மொத்தம் பத்துத் தடவை அதில் கால் வைத்திருந்தால் அதிகம்.

கம்பெனிக்கு அந்தப் பக்கத்தில் இருநூறு ஏக்கர் தேவைப்பட்டது. புரோக்கர் என் நகரத்து வீட்டுக்கு மூன்று முறை வந்தார்; மூன்று முறையும் பழங்களோடு வந்தார். விலைக்காக விற்றேன் என்றால் பாதிதான் உண்மை. மற்றப் பாதி, அந்தக் காரியத்தில் எனக்கு நம்பிக்கை இருந்தது. நிலக்கரியை எரிப்பது நிற்க வேண்டும் என்று கூட்டங்களில் பேசியிருக்கிறேன், எழுதியிருக்கிறேன். முள் மண்டிக் கிடந்த என் நிலம் இப்படியொரு காரியத்துக்குப் போகிறது என்பதில் ஒரு நிறைவு - இன்னும் சரியாகச் சொன்னால் ஒரு கர்வம் - இருந்தது. பத்திரம் பதிந்த அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போனபோது டீக்கடையில் அவரைப் பார்த்தேன். என் அண்ணன் வயது அவருக்கு. க்ஷேமலாபமெல்லாம் விசாரித்து முடித்த பிறகு சொன்னார்:

'வித்தது தப்புன்னு சொல்லல தம்பி. ஒங்க நெலம், வித்தீக. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.'

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. 'கேட்டிருந்தா என்னண்ணே சொல்லியிருப்பீக?'

'வித்துருங்கன்னுதான் சொல்லியிருப்பேன். எனக்கப்புறம் எம் மக்கள்ல யாரு இந்தப் பொகையில கெடக்கப் போறாக?' கிளாஸைக் கீழே வைத்தார். 'ஆனா, வட மூலையில பத்தடி விட்டு வேலி போடச் சொல்லியிருப்பேன்.'

வட மூலையில் ஒரு பள்ளம் உண்டு. மழை பெய்தால் மேட்டுக்காட்டுத் தண்ணீர் அந்த வழியாகத்தான் கண்மாய்க்குப் போகும். வரைபடத்தில் ஏறாத வரத்துக்கால் அது. அளவெடுக்க வந்தவர்கள் கோடையில் வந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு அது வெறும் பள்ளம். மண்ணடித்துச் சமன்செய்துவிட்டார்கள். அந்த ஐப்பசியில் தண்ணீர் வேலியோரமாகத் தேங்கி நின்று, பிறகு ரோட்டுப் பக்கம் திரும்பிப் போயிற்றாம். எனக்கு அந்தப் பள்ளம் தெரியும். பையனாக இருந்தபோது அதில் அயிரை பிடித்திருக்கிறேன். விற்கிற நேரத்தில் அது என் ஞாபகத்துக்கே வரவில்லை.

2

சரி என்று சொல்லியிருக்கக்கூடிய ஒருவரைக் கேட்காமல் விட்டதில் என்ன தவறு?

விளைவை வைத்து அளக்கிற நீதிவாதிக்கு இதில் தவறே இல்லை. கேட்டாலும் விற்பனை, கேளாவிட்டாலும் விற்பனை. அவர் மனம் கொஞ்சம் புண்பட்டது. அதைக் கணக்கில் ஒரு சிறு கழிவாக வைத்துக்கொள்ளலாம். கான்ட் 1785-ல் சொன்ன வழியில் யோசிக்கிறவன் வேறு மாதிரி சொல்வான்: விளைவு எதுவானாலும் சரி, ஒரு மனிதனைக் காரியத்துக்கான சாதனமாக - அல்லது காரியத்தின் பாதையில் கிடக்கிற பொருளாக - மட்டும் நீ நடத்திவிட்டாய், தவறு அங்கே முடிந்துவிட்டது, மேற்கொண்டு கணக்குப் பார்க்க ஒன்றுமில்லை.

இரண்டாவது பதில் எனக்கு உவப்பானது. அதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. ஆனால் யோசிக்க யோசிக்க, அந்தப் பதிலிலும் வரத்துக்கால் இல்லை. அது அவருடைய கௌரவத்தைக் காப்பாற்றுகிறது. அவருக்குத் தெரிந்ததைக் கேட்டுக்கொள்வதில்லை. நான் ஊருக்குப் போய், அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மரியாதையாகச் சொல்லி, அவரும் 'சரி தம்பி' என்று சொல்ல, உடனே எழுந்து வந்திருந்தால் கான்ட் திருப்தியடைந்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன். பள்ளம் அப்போதும் மூடப்பட்டிருக்கும்.

நம் ஊர்களில் கல்யாணம் பேசும்போது தாய்மாமனிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். எல்லாம் முடிவாகி, நாள் குறித்து, பத்திரிகை அடிக்கப் போகிற நிலையிலும் போய்க் கேட்பார்கள். அவரும், 'நல்லபடியா நடத்துங்க' என்பார். கேட்காமல் விட்டால் பத்து வருஷம் போக்குவரத்து இருக்காது. முடிவை மாற்றாத இந்தக் கேட்டல் வெறும் சடங்குதானா? இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. இந்த வீட்டில் உனக்கு ஒரு இடம் இருக்கிறது என்று அது சொல்கிறது. ஆனால் இதே வழக்கத்தின் வயிற்றில்தான் இன்னொன்றும் பிறக்கிறது: 'கேட்டதாக இருக்கட்டும்.' கேட்கிறவன் முடிவோடு வருகிறான், கேட்கப்படுகிறவனுக்கும் அது தெரியும், இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் காப்பாற்றிக்கொள்கிறார்கள். குடும்பத்தில் இது நாகரிகம். அரசாங்கமும் கம்பெனியும் இதைக் கற்றுக்கொண்டபோது அதற்கு 'மக்கள் பங்கேற்பு' என்று பெயர் வந்தது.

சொல்லாராய்ச்சியில் தத்துவம் தேடுவது எனக்குச் சந்தேகமான காரியம். இருந்தாலும் இதைக் குறிப்பிடத் தோன்றுகிறது. தமிழில் வினவுவதும் கேட்பதுதான், காது கொடுப்பதும் கேட்பதுதான். கேள்வி என்றால் வினா. செவிவழி வந்த அறிவுக்கும் அதுவே பெயர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி வார்த்தைகள். ஒன்றைச் செய்து மற்றதைச் செய்யாமல் விட அந்த மொழி இடம் தருகிறது. நம் மொழி இடம் தராவிட்டாலும் நாமும் அதையேதான் செய்கிறோம்.

ஒரு பெரிய முடிவு பற்றி ஒரு மனிதனிடம் மெய்யாகவே கேட்டால் அவன் பெரும்பாலும் சரி என்றோ வேண்டாம் என்றோ நிறுத்திக்கொள்வதில்லை. 'சரி, ஆனா...' என்கிறான். அல்லது 'வேண்டாம், ஆனா...' என்கிறான். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் வருவதுதான் அவனுக்கு மட்டும் தெரிந்தது - அந்த இடத்தில் இருபது வருஷம் வேலை செய்ததால் தெரிந்தது. சம்மதப் படிவத்தில் கையெழுத்துக்கு இடம் இருக்கும். வாக்குச் சீட்டில் முத்திரைக்கு இடம் இருக்கும். 'ஆனா'வுக்கு எங்கும் இடம் விட்டிருப்பதில்லை. ஊர் ஜனநாயகம் என்று ஒன்று வேண்டுமானால் அது அந்த இடத்தை விட்டுவைப்பதற்காகத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

3

சட்டம் யாரைக் கேட்கச் சொல்கிறது என்று பார்த்தேன்.

2006-ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி ஒரு பெரிய அனல்மின் நிலையம் கட்ட வேண்டுமானால் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். பந்தல் போட்டு, போலீஸ் நிறுத்தி, கலெக்டர் மேடையில் உட்கார்ந்து நடத்துகிற அந்தக் கூட்டங்களின் லட்சணம் நமக்குத் தெரியும். ஆனாலும் எழுந்து நின்று திட்டுவதற்காவது ஓர் இடம் இருக்கிறது. அந்த அறிவிக்கையின் அட்டவணையில் சூரிய ஒளி மின்நிலையமும் காற்றாலையும் இல்லை. அவை சுத்தமானவை, ஆகவே கேட்கத் தேவையில்லை. தீமை செய்யப் போகிறவன் அனுமதி கேட்க வேண்டும், நன்மை செய்யப் போகிறவன் கேட்க வேண்டாம் என்பது அதன் தர்க்கம். நான் கரிமூட்டக்காரரைக் கேட்காமல் விட்டதும் ஏறக்குறைய இதே தர்க்கத்தில்தான். கெட்ட காரியத்துக்கு விற்றிருந்தால் ஒருவேளை கூச்சப்பட்டுக்கொண்டாவது போய்ச் சொல்லியிருப்பேன்.

கிராம சபை இருக்கிறதே என்பார்கள். 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் அமலுக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ல் வந்தது. ஊரின் வாக்காளர் அனைவரும் உறுப்பினர். வருஷத்துக்கு நான்காக இருந்த கூட்டங்கள் 2022-ல் ஆறாக்கப்பட்டன. எழுத்தில் பார்த்தால் ரூஸோ 1762-ல் ஆசைப்பட்டதற்கு மிக அருகில் இருக்கிற ஏற்பாடு: பிரதிநிதிகள் இல்லை, சகல ஜனங்களும் நேரில்.

ஒரு காந்தி ஜயந்தியன்று என் ஊர்க் கிராம சபையில் உட்கார்ந்திருந்தேன். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை அப்படியே கூட்டி வந்திருந்தார்கள், கோரம் சேர்வதற்காக. தீர்மானங்கள் முன்பே எழுதப்பட்டிருந்தன. வாசித்தபடியே நோட்டு கைமாறிக்கொண்டிருந்தது. ஒரு பெண் சுடுகாட்டுப் பாதை பற்றி எழுந்து கேட்டார். அடுத்த கூட்டத்தில் வைக்கலாம் என்றார்கள். ஊரைச் சுற்றி இருநூறு ஏக்கர் கைமாறப் போகிறது என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். அதைப்பற்றி யாரும் பேசவில்லை, பேசவும் முடியாது. பட்டா நிலத்தைப் பட்டாதாரர் விற்கிறார், இதில் சபைக்கு என்ன வேலை? அவர்கள் நோக்கில் அது நியாயமான பேச்சுத்தான். நானும் ஒரு பட்டாதாரராகப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

இந்தச் சபைகளுக்கும் நிலையான ஆயுள் இல்லை. 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, மூன்று வருஷங்களுக்கு மேல் தேர்தல் இல்லாமல் தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்தார்கள். பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர். எவ்வளவு நல்ல மனிதரானாலும், தனி அலுவலரிடம் போய் ஒருவர் 'ஆனா' என்று ஆரம்பிப்பதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

4

நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். கவிதை எழுதுகிறவர், விஞ்ஞானமும் படித்தவர். அவர் சொன்னதை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது.

'வீடு பற்றி எரிகிறது. கிணறு எந்த மூலையில் வெட்டலாம் என்று நீ பஞ்சாயத்துக் கூட்டச் சொல்கிறாய்' என்றார். 'உன் கிராம சபையில் யார் இருக்கிறார்கள்? ஓட்டு உள்ளவர்கள். இன்னும் பிறக்காதவன் இல்லை. கடல் ஏறினால் போக இடமில்லாத டெல்டாக்காரன் இல்லை. தாமதத்தின் விலையைக் கொடுக்கப் போகிறவர்கள் எல்லாம் வெளியே நிற்கிறார்கள், நீ உள்ளே உட்கார்ந்து பத்தடிக்குப் பேரம் பேசுகிறாய். 2030-க்குள் 500 கிகாவாட் என்று 2021-ல் கிளாஸ்கோவில் இந்த தேசம் சொல்லியிருக்கிறது. ஊர் ஊராகத் திண்ணையில் உட்கார்ந்தால் அது நடக்குமா?'

நடக்காமல் போகலாம். இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. கேட்பதற்கு நேரமாகும், அந்த நேரத்தில் நிலக்கரி எரிந்துகொண்டிருக்கும். இதை ஒப்புக்கொள்ளாமல் ஊர் ஜனநாயகம் பேசுவது நேர்மையல்ல.

ஆனால் அவசரத்தின் குரல் எனக்குப் புதிதாகக் கேட்கவில்லை. 1948-ல் ஹிராகுட் அணைக்காக ஊரை இழக்கப் போகிறவர்களிடம், துன்பப்படத்தான் வேண்டுமென்றால் தேசத்துக்காகத் துன்பப்படுங்கள் என்ற அர்த்தத்தில் நேரு பேசினார். அவர் மோசமானவர் அல்ல. பஞ்சமும் பசியும் அன்றைக்கு மெய்யான அவசரங்கள். நெய்வேலியில் நிலக்கரிக்காக நிலம் போனபோதும் இதே பேச்சுத்தான். அங்கேயே 2023 ஜூலையில், வளையமாதேவியில், கால்வாய் தோண்டுவதற்காகக் கதிர் வரப்போகிற நெல்லின் மேல் மண்வெட்டி இயந்திரங்களை இறக்கினார்கள். நிலம் எப்போதோ எடுத்தாகிவிட்டது, பணமும் கொடுத்தாகிவிட்டது என்றார்கள். சட்டப்படி அது சரியாகக்கூட இருக்கலாம். அறுவடை வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா என்பதுதான் அன்றைக்கு ஊரெல்லாம் கேட்ட கேள்வி. அதுவும் ஓர் 'ஆனா'தான். எழுபத்தைந்து வருஷங்களாக நம்மிடம் அவசரம் இல்லாத காலம் என்று ஒன்று இருந்ததில்லை. ஒவ்வொரு அவசரத்தையும் அதே ஜனங்களின் கணக்கில்தான் எழுதியிருக்கிறோம். இப்போது எரிபொருளை மாற்றப் போகிறோம், நல்லது. இந்தப் பழக்கத்தையும் கூடவே மாற்றாவிட்டால் எதிலிருந்து எதற்கு மாறுகிறோம் என்று ஒருவன் கேட்கத்தான் செய்வான்.

பிறக்காதவர்களின் பெயரால் பேசுகிறவர்களிடம் எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. பிறக்காதவன் நாம் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவான். கண்ணெதிரே இருக்கிறவன்தான் 'ஆனா' என்பான்.

5

இதுவரை 'ஊர்' என்று சொல்லிக்கொண்டு வந்தேன். ஊர் என்றால் யார்?

கர்நாடகத்தில், துமகூரு மாவட்டத்தின் வறண்ட பாவகடாவில், 2,050 மெகாவாட் சோலார் பூங்கா இருக்கிறது. ஐந்து கிராமங்களில் சுமார் 13,000 ஏக்கர். அங்கே நிலத்தை வாங்கவில்லை. குத்தகைக்கு எடுத்தார்கள், வருஷத்துக்கு ஏக்கருக்கு 21,000 ரூபாய் என்று ஆரம்பித்து, அவ்வப்போது உயர்கிற மாதிரி. நிலம் உடையவர் பெயரிலேயே இருக்கிறது. மழையை நம்பிக் கடலை போட்டுக் கடனாளியானவர்களுக்கு இது பெரிய ஆசுவாசம். அவர்கள் மனமொப்பித்தான் கொடுத்தார்கள். நான் விற்றதைவிட எவ்வளவோ கௌரவமான ஏற்பாடு. ஆனால் குத்தகை நிலத்துக்குத்தான், நிலத்தில் வேலை செய்தவருக்கு இல்லை. களை எடுத்துக் கூலி வாங்கியவரும், அறுவடைக்குப் பின் ஆடு மேய்த்தவரும் அந்தப் பத்திரத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. சம்மதித்தது ஊர் அல்ல, பட்டா.

நாம் மேடைகளில் பெருமையோடு சொல்லும் உத்தரமேரூரும் இப்படித்தான். பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் வருஷத்துக் கல்வெட்டுகள். குடவோலையில் பெயர் எழுத வேண்டுமானால் வரி கட்டுகிற கால்வேலி நிலமாவது இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35-க்கும் 70-க்கும் இடையில் இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். கணக்குக் காட்டாதவனை விலக்கிவைத்த அந்தக் கண்டிப்பு இன்றைக்கும் பாடமாகும். ஆனால் அந்தக் குடத்துக்குள் எத்தனை பேரின் ஓலை இருந்தது என்பதைச் சொல்லாமல் குடத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

அம்பேத்கர் 1948 நவம்பர் 4-ல் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைக் குறுகிய புத்தியின், அறியாமையின், வகுப்புவாதத்தின் இருப்பிடம் என்று சாடியது இதையெல்லாம் மனதில் வைத்துத்தான். அதே மாதம் 22-ஆம் தேதி, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரரான கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தால் ஊராட்சிகளை அமைக்கச் சொல்லும் விதி - இன்றைய 40-ஆவது பிரிவு - சாசனத்தில் ஏறியது. இந்த இருவரில் யார் சரி என்று பட்டிமன்றம் நடத்துவது சுலபம். இருவரும் ஒரே சமயத்தில் சரி என்பதுதான் சங்கடம். ஊரைக் கேட்க வேண்டும். கேட்டால் பதில் சொல்ல முன்வருகிறவர் ஊரில் ஏற்கனவே பேசிக்கொண்டிருப்பவர்தான். கூட்டத்தின் பின்வரிசையில் நிற்கிறவரின் 'ஆனா' நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போய்விடும். அதற்காக ஊரைக் கேட்காமல் விட்டுவிடலாம் என்கிற முடிவு, தனி அலுவலருக்குத்தான் சௌகரியம். ஒவ்வொரு வாசலாகப் போய்க் கேட்க வேண்டியிருக்கும் என்பதுதான் இதிலிருந்து எனக்குத் தெரிகிற பாடம். அது இன்னும் நேரம் பிடிக்கும். என் நண்பர் தலையில் அடித்துக்கொள்வார்.

6

கேட்டு, அதன்படி நடந்ததும் உண்டு.

ஒடிசாவின் நியமகிரியில் பாக்ஸைட் தோண்டுவதா வேண்டாமா என்பதை அங்குள்ள கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஆடி, ஆவணியில் 12 ஊர்ச் சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. பாக்ஸைட்டிலிருந்து வருவதுதான் அலுமினியம்; சோலார் தகடுகளின் சட்டமும் அலுமினியம்தான். எனவே இது நம் விஷயத்துக்கு வெளியே இல்லை. வேண்டாம் என்ற சொல்லுக்கு அங்கே வலு இருந்ததற்குக் காரணம், 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டமும் ஒரு நீதிமன்றமும் அதன் பின்னால் நின்றதுதான். வேண்டாம் என்று சொல்ல முடிகிறவர் சொல்லும் சரிக்குத்தான் மதிப்பு.

நம் பக்கத்தில், மேட்டுப்பாளையத்துக்கு அருகில் உள்ள ஓடந்துறை. ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில் அந்த ஊராட்சி, தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் மின்கட்டணம் கட்டி மாளாமல், தானே ஒரு காற்றாலை வாங்கத் துணிந்தது. 350 கிலோவாட், விலை ஒரு கோடியே 55 லட்சம். ஊராட்சி நிதியிலிருந்து 40 லட்சம், பாங்குக் கடன் ஒரு கோடியே 15 லட்சம். 2006-ல் சுழல ஆரம்பித்தது. தேவைக்குப் போக மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றுக் கடனையும் அடைத்தார்கள். கடன்பட்டவன் கணக்குக் கேட்பான். ஊருக்கே கடன் என்றால் ஊரே கணக்குக் கேட்கும். அதனால் இது பற்றிய பேச்சுக்கு அங்கே ஒரு காரணம் இருந்தது. கூப்பிட்டு உட்காரவைத்த கோரம் அல்ல அது.

ஆனால் ஓடந்துறையிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. அந்தக் காற்றாலை ஓடந்துறையில் இல்லை. காற்று நன்றாக வீசும் இடம் தேடி வெகு தொலைவில் வேறோர் ஊரில் நிற்கிறது. ஒரு ஊரின் சுயாட்சி இன்னொரு ஊரின் நிலத்தில்தான் கால் ஊன்றுகிறது. காற்றும் வெயிலும் எல்லோருக்கும் பொது. தூண் மட்டும் எங்கோ ஓரிடத்தில் நட வேண்டியிருக்கிறது. கேட்பதற்கு எல்லைக்கல் கிடையாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

டென்மார்க்கில் சாம்ஸோ என்று ஒரு தீவு. ஏறக்குறைய 4,000 பேர். 1997-ல் அரசாங்கம் வைத்த ஒரு போட்டியில் வென்று, முழுக்கத் தங்கள் மின்சாரத்தைத் தாங்களே காற்றிலிருந்து எடுத்துக்கொள்ள முனைந்தார்கள். 2000-ல் நிலத்தில் 11 காற்றாலைகள், 2003-க்குள் கடலில் 10. நிலத்தில் உள்ளவை பெரும்பாலும் உள்ளூர் விவசாயிகளுடையவை. கூட்டுறவாகப் பங்கு போட்டவையும் உண்டு. சோரன் ஹெர்மன்சன் என்ற உள்ளூர்க்காரர் வருஷக்கணக்கில் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். இதைப் பார்த்துவிட்டுத்தானோ என்னவோ, 2009-ல் அந்த தேசம் ஒரு சட்டம் போட்டது: புதிதாகக் காற்றாலை வைக்கிற கம்பெனி நூற்றுக்கு இருபது பங்கையாவது அக்கம்பக்கத்தாருக்கு விலைக்குத் தர முன்வர வேண்டும். 2020-ல் அதை எடுத்துவிட்டார்கள். வசதி உள்ளவன்தான் பங்கு வாங்குவான். பங்கு கொடுப்பது கேட்பதாகிவிடாது. அந்தத் தீவில் பலித்தது பங்குப் பத்திரத்தால் அல்ல, அதற்கு முன்னால் நடந்த முடிவில்லாத பேச்சால் என்பதே என் எண்ணம். பேச்சைச் சட்டமாக்க முடிவதில்லை. பேசாமல் இருக்க முடியாதபடி செய்யத்தான் சட்டத்தால் முடியும்.

7

நம்மைப்பற்றியும் ஒரு வார்த்தை. முன்னூறு பேர் படிக்கும் பத்திரிகையில் எழுதுகிறவர்கள் நாம். யாரையும் கேட்டு எழுதுவதில்லை, அது சரியும்கூட. ஒரு கவிதைக்கு ஊர்ச் சம்மதம் தேவையில்லை. பிடிக்காதவன் மூடிவைத்துவிடலாம். இந்தச் சுதந்திரத்தில் பழகிப்போன மனம், தனக்கு நல்லதென்று பட்டதை உலகத்தின் மேல் வைப்பதற்கும் இதே உரிமை உண்டென்று நினைத்துக்கொள்கிறது. வேலியை மூடிவைக்க முடியாது. என் கர்வத்தின் வேர் அங்கே இருந்திருக்கலாம்.

அப்பா வழியில் இன்னும் ஒன்றரை ஏக்கர் மிச்சம் இருக்கிறது, ஓடைக்கு அந்தப் பக்கம். இந்த வருஷம் அதே புரோக்கர் வந்தார். ஒரு மாதம் தவணை கேட்டுவிட்டு ஊருக்குப் போனேன்.

கரிமூட்டக்காரர் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்காரச் சொன்னார். விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. மகள் வீட்டில் கிரகப்பிரவேசம் ஆனது, கண்மாய் மடையை எவனோ உடைத்தது, ஆட்டுக்கு வந்த நோய், கரி விலை, நரி இப்போது தட்டுப்படுவதே இல்லை என்பது - இப்படி ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். கேட்க வந்த எனக்குப் பாதியிலேயே பொறுமை போய்விட்டது. பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது ஒரு பதில், சரியோ வேண்டாமோ, கிடைத்தால் போதும் என்றிருந்தது. இவ்வளவு எழுதியும் எனக்குள் இருக்கிற ஆள் அவன்தான். அந்த ஒரு மணி நேரத்துப் பேச்சில் எங்காவது ஒரு வரத்துக்கால் இருந்திருக்கலாம், எனக்குத் தட்டுப்படவில்லை.

புறப்படும்போதுதான் சொன்னார்: 'ஓடைக்கு அந்தப் பக்கம்னா நான் மட்டும் சொல்ல முடியாது தம்பி. ஆடு ஓட்டுறவுக இருக்காக. கேட்டுச் சொல்றேன்.'

அவரும் கேட்கப் போகிறார். இது எனக்குத் தோன்றவேயில்லை.

இது நடந்து நாற்பது நாள் ஆகிறது. புரோக்கர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். அவரிடமிருந்து இன்னும் சேதி வரவில்லை.